நவகிரகம் ஒன்பதும் ஒரே நாள்லயா, கும்பகோணத்துல தங்கி நிதானமாவா?

போன வாரம் கோயம்புத்தூர்ல இருந்து சித்தப்பா போன் பண்ணாரு. தம்பி ஜாதகத்துல ராகு கேது சரியில்லையாம், ரெண்டு கோயிலுக்கும் போய் அர்ச்சனை பண்ணிட்டு வாங்கன்னு ஜோசியர் சொல்லிட்டாராம். "அவ்வளவு தூரம் வர்றோம், ஒன்பது கோயிலையும் ஒரே நாள்ல முடிச்சிடலாமா, இல்ல கும்பகோணத்துலயே தங்கி பெரிய கோயில்களை மட்டும் பார்த்துட்டு வந்துடலாமா, நீயே சொல்லுப்பா"ன்னாரு. அவருக்கு வயசு 68, சித்திக்கு ரெண்டு முட்டியும் வலி. அம்மா பொறந்த ஊர் கும்பகோணம்ங்கிறதால இந்தக் கேள்வி என்கிட்ட வருஷத்துக்கு நாலு தடவையாவது வரும், ஒவ்வொரு தடவையும் போன்ல துண்டு துண்டா சொல்லி பாதி விட்டுப்போயிடுது, அதான் இந்தத் தடவை உக்காந்து முழுசா எழுதிட்டேன்.

முதல்ல ஒரு விஷயம். நவகிரகக் கோயில்னு சேர்த்து சொல்றதால ஒன்பதும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்னு நிறைய பேர் நெனச்சுக்கிறாங்க. அப்படி இல்ல. மேப்பைத் திறந்து பார்த்தீங்கன்னா மூணு கூறா பிரிஞ்சு கிடக்கும். கும்பகோணத்தை ஒட்டி நாலு: திருநாகேஸ்வரம் ராகு, சூரியனார்கோயில், கஞ்சனூர் சுக்கிரன், அந்தப் பக்கம் நீடாமங்கலம் ரோட்டுல ஆலங்குடி குரு. கிழக்கே கடற்கரைப் பக்கம் நாலு: வைத்தீஸ்வரன்கோயில் செவ்வாய், திருவெண்காடு புதன், பூம்புகார் பக்கத்துல கீழப்பெரும்பள்ளம் கேது, காரைக்கால்ல திருநள்ளாறு சனி. மேற்க திருவையாறு பக்கம் தனியா ஒண்ணு, திங்களூர் சந்திரன். ஒன்பதையும் சுத்தி கும்பகோணத்துக்குத் திரும்பி வரணும்னா 250 கிலோமீட்டருக்கு மேல ஓடும், அதுவும் ஹைவேல இல்ல, பாதிக்கு மேல ஊருக்குள்ள புகுந்து போற ரோடு, அறுவடை சமயத்துல வைக்கோல் ஏத்துன டிராக்டர் முன்னாடி போனா அது பின்னாடியே போகவேண்டியதுதான்.

இதுல கணக்கே மதியம் நடை சாத்துறதுலதான் இருக்கு. எல்லாக் கோயிலும் மதியம் 12, 12.30 வாக்குல சாத்திடுவாங்க, மறுபடி திறக்க நாலு மணி ஆகும். அப்போ காலைல ஆறுல இருந்து 12.30 வரைக்கும் ஆறரை மணி நேரம், சாயங்காலம் நாலுல இருந்து எட்டு எட்டரை வரைக்கும் நாலரை மணி நேரம், மொத்தம் 11 மணி நேரம்தான் தரிசன நேரம். அதுலயும் பாதி வண்டிலயே போயிடும். மீதியை ஒன்பதா பிரிச்சா ஒரு கோயிலுக்கு அரை மணி நேரம் கிடைச்சா பெருசு.

எட்டு வருஷம் முன்னாடி அம்மாவைக் கூட்டிக்கிட்டு நான் அப்படித்தான் போனேன். ஒரு டிராவல்ஸ்ல பேசி வண்டி எடுத்தோம், ஒன்பதும் கட்டாயம் முடியும்னு சொன்னாங்க, சித்திரை மாசம். கஞ்சனூர்லயே லேட்டாயிடுச்சு, வைத்தீஸ்வரன்கோயில் வாசல்ல இறங்குறப்போ மணி 12.50. சாத்திட்டாங்க. மூணு மணி நேரம் சந்நிதித் தெருவுல ஒரு கடை நிழல்ல அம்மா உக்காந்திருந்தாங்க, கோயில் முன்னாடி கல்லுல கால் வைக்க முடியல, அவ்ளோ சூடு. நாலு மணிக்குத் திறந்ததும் ஓடுனோம், அப்புறம் திருவெண்காடு ஓட்டம், கீழப்பெரும்பள்ளம் ஓட்டம், திருநள்ளாறு போறப்போ இருட்டிடுச்சு. ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மா சொன்ன ஒரே வார்த்தை, "எந்த சாமி முகமும் மனசுல நிக்கலடா". அது எனக்கு இன்னிக்கும் வலிக்குது. ஒன்பது எண்ணிக்கை சரியா வந்துச்சு, தரிசனம்தான் ஆகல.

அதுக்காக ஒரே நாள் வேணவே வேணாம்னு சொல்லல. ஒன்பதும் ஒரே நாள்ல முடிக்கிறேன்னு வேண்டிக்கிட்டவங்க இருக்காங்க, லீவு கிடைக்காதவங்க இருக்காங்க, உடம்புல தெம்பு இருக்கிறவங்க இருக்காங்க. அவங்களுக்கு என் யோசனை, தனி வண்டியை விட கும்பகோணத்துல இருந்து கிளம்புற அரசு பஸ் நல்லது. 2024ல ஆரம்பிச்சாங்க, சனி ஞாயிறுல விடியக்காலைல கிளம்பும், ஆரம்பிச்சப்போ டிக்கெட் 750 ரூபாய், முன்னாடியே புக் பண்ணணும். திங்களூர்ல ஆரம்பிச்சு திருநள்ளாறுல முடிக்கிற மாதிரி, மதியம் நடை சாத்துற நேரம் சாப்பாட்டுக்கு வர்ற மாதிரி ரூட் போட்டிருக்காங்க, நாங்க மாட்டிக்கிட்ட மாதிரி மாட்டிக்க வேண்டியதில்ல. காசும் ரொம்ப மிச்சம். ஆனா பஸ்ல ஒரு கஷ்டம், நம்ம வேகத்துக்கு அது நிக்காது. சித்தி மாதிரி முட்டி வலிக்காரங்க ஒன்பது தடவை ஏறி ஒன்பது தடவை இறங்கணும், இன்னும் ஒரு சுத்து பிரகாரம் வரணும்னு தோணினாலும் வர முடியாது. இன்னொண்ணு, சனிக்கிழமை போனா கடைசில திருநள்ளாறு, அங்க சனிக்கிழமைக் கூட்டம் எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல.

தனிக் கார்னா நம்ம இஷ்டத்துக்கு நிக்கலாம், பெரியவங்களை கோயில் வாசல் வரைக்கும் கொண்டு விடலாம். திருநள்ளாறு புதுச்சேரி யூனியன் பிரதேசத்துல வருது, அதனால வாடகை வண்டின்னா பெர்மிட் செலவு யாரோடதுன்னு பேசுறப்பவே கேட்டுக்கோங்க. இன்னொரு முக்கியமான விஷயம், டிரைவர் அந்தப் பக்கத்து ஆளா இருக்கணும். வெளியூர் டிரைவர் மேப்பைப் பார்த்து ஓட்டினா சின்னச் சின்ன ரோட்டுல மாட்டி நேரம் போயிடும்.

இப்போ அடுத்தது, கும்பகோணம் ஊருக்குள்ளயே இருக்கிறது. நவகிரகம் நவகிரகம்னு ஓடுறவங்க பலபேர் இந்த ஊரை ராத்திரி தூங்குற லாட்ஜாத்தான் பாக்குறாங்க, அதுதான் எனக்கு ஆதங்கம். பிரளயத்துல மிதந்து வந்த அமுத கும்பம் தங்குன ஊர்னு புராணம், சிவபெருமான் அம்பு விட்டு உடைச்ச அந்தக் குடத்து மண்ணும் அமுதமும் சேர்ந்ததுதான் ஆதி கும்பேஸ்வரர், அதனால மூலவருக்கு தண்ணி அபிஷேகம் கிடையாது, புனுகுதான் சாத்துவாங்க. வாசல்ல இருந்து உள்ள போற நீளமான மண்டபம் முழுக்க ரெண்டு பக்கமும் கடை, பித்தளை விளக்கு, குங்குமம், வளையல், அதைத் தாண்டிப் போனா திடீர்னு சத்தம் அடங்கி கோயில் வந்துடும். நவராத்திரி மண்டபத்துல ஒரே கல்லுல 27 நட்சத்திரமும் 12 ராசியும் செதுக்கியிருக்கும், நிமிர்ந்து பார்க்கணும், பாக்காம நடந்து போயிடுறாங்க.

அங்கேயிருந்து பத்து நிமிஷ நடைல சாரங்கபாணி. 11 நிலை ராஜகோபுரம், திவ்யதேசங்கள்ல ஸ்ரீரங்கம் திருப்பதிக்கு அடுத்தபடியா வச்சு சொல்ற கோயில். கர்ப்பகிரகமே தேர் மாதிரி, கல் சக்கரம், இழுத்துக்கிட்டுப் போற மாதிரி குதிரை, யானை. உள்ள ஏறிப் போக ரெண்டு வாசல், தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல், அதனால ஒரே ஆள் வருஷத்துல ரெண்டு தடவை போனா ரெண்டு வழியா போய் பெருமாளைப் பாக்கலாம். முதல்ல கோமளவல்லித் தாயாரை சேவிச்சுட்டுத்தான் பெருமாள்கிட்ட போகணும், அதுதான் அங்க வழக்கம். பெருமாள் முழுசா படுத்திருக்க மாட்டார், திருமழிசை ஆழ்வார் கேட்டதுக்காக எழுந்துக்க ஆரம்பிச்ச கோலம், தலையைக் கொஞ்சம் தூக்குன மாதிரி இருக்கும். தீபாராதனை வெளிச்சம் அந்த முகத்துல பட்ட ஒரு நொடில அது தெரியும், க்யூல தள்ளிக்கிட்டே போனா தெரியாது, ஒரு ஓரமா ஒதுங்கி அடுத்த ஆரத்தி வரைக்கும் நில்லுங்க. இந்தப் பெருமாளுக்கு ஆராவமுதன்னும் பேர், அவரைப் பத்தி நம்மாழ்வார் பாடுன பத்துப் பாட்டைக் கேட்டுத்தான் நாதமுனிகள் மீதிப் பாட்டெல்லாம் எங்கன்னு தேடிக் கிளம்புனார்னு சொல்வாங்க, ஆழ்வார்கள் பாடுன நாலாயிரம் பாசுரமும் நமக்குத் திரும்பக் கிடைச்சதுக்கு ஆரம்பம் இந்தப் பெருமாள். அதை மனசுல வச்சுக்கிட்டு அங்க நின்னா உடம்பு சிலிர்க்கும்.

ராமசாமி கோயில்ல ராமரும் சீதையும் ஒரே ஆசனத்துல பட்டாபிஷேகக் கோலம், பக்கத்துல ஆஞ்சநேயர் கைல வீணை. முன் மண்டபத்துத் தூண் ஒவ்வொண்ணும் நின்னு பாக்கலாம், பிரகாரம் சுத்துனா சுவர் முழுக்க ராமாயணம் சித்திரமா வரும், குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போனா இதுதான் அவங்களுக்குப் புடிக்கும். நாகேஸ்வரன் கோயில் ஆதித்த சோழன் காலத்தது, சித்திரை 11, 12, 13ல சூரிய வெளிச்சம் லிங்கத்து மேல விழும், ஆனா அந்த மூணு நாள் கூட்டத்துல போறதை விட சாதாரண நாள் காலைல போய் கர்ப்பகிரக வெளிச்சுவர் மாடத்துல (கோஷ்டம்னு சொல்வாங்க) இருக்கிற சிற்பங்களைப் பாருங்க, அவ்வளவு உயிர் உள்ள முகம் வேற எங்கயும் நான் பாத்ததில்ல. சக்கரபாணி, மகாமகக் குளத்தங்கரையில காசி விஸ்வநாதர், அங்க ஒன்பது நதிகளும் கன்னிகளா நிக்கிறது, இதெல்லாம் ஆட்டோலயே முடிச்சுடலாம். மகாமகம் 2016ல நடந்தது, அடுத்தது 2028, அந்த வருஷம் மாசி மாசத்துல பெரியவங்களைக் கூட்டிட்டு சாதாரணமா தரிசனம் பண்ணலாம்னு நெனக்காதீங்க. மத்த நாள்ல சாயங்காலம் அந்தக் குளத்துப் படிக்கட்டுல உக்காந்து சுத்தி இருக்கிற 16 மண்டபத்தையும் பாத்துக்கிட்டிருந்தா போதும், அதுவே ஒரு தரிசனம்.

ஊருக்குள்ள சுத்துறதுல குறைன்னு பார்த்தா, பரிகாரம்னு வந்தவங்களுக்கு மனசு அடங்காது. வந்த வேலையை விட்டுட்டு வேற கோயில் பாக்குறோமேன்னு உறுத்திக்கிட்டே இருக்கும். அது நியாயமான உறுத்தல்தான். ராகு கேது மட்டும்தான் வேணும்னா காளஹஸ்தி ஒரே இடம், ஆனா சித்தப்பாவுக்கு ஜோசியர் சொன்னது இந்த ரெண்டு கோயில்.

மூணாவது வழி ஊரைச் சுத்தி இருக்கிற கோயில்கள். என்னைக் கேட்டா பெரியவங்களோட வர்றவங்களுக்கு இதுதான் பாதி விடை. திருநாகேஸ்வரத்துல ராகு நாகவல்லி நாககன்னியோட இருக்கார், ராகு காலத்துல பாலாபிஷேகம் நடக்கும், உடம்புல பட்ட பால் நீலமா ஓடுறதைப் பாக்கத்தான் கூட்டமே, ஞாயித்துக்கிழமை 4.30ல இருந்து 6 வரைக்கும் ராகு காலம்ங்கிறதால அன்னிக்கு ரொம்ப விசேஷம். அங்கேயிருந்து கூப்பிடுற தூரத்துல ஒப்பிலியப்பன். மார்க்கண்டேய மகரிஷி தன் பொண்ணு சின்னப் பொண்ணு, உப்பு போட்டு சமைக்கக்கூட தெரியாதேன்னு தயங்கினப்போ உப்பில்லாமலே சாப்பிட்டுக்கிறேன்னு சொல்லிக் கல்யாணம் பண்ணிக்கிட்ட பெருமாள். இன்னிக்கும் நைவேத்யத்துல உப்பு கிடையாது. அந்தப் புளியோதரையை கைல வாங்கி வாய்ல போட்டுப் பாருங்க, புளிப்பும் காரமும் முன்னாடி வரும், உப்பு இல்லைங்கிறதே ரெண்டாவது வாய்லதான் ஞாபகம் வரும்.

தாராசுரத்தைப் பத்தி மட்டும் கொஞ்சம் நீளமா சொல்லணும். ரெண்டாம் ராஜராஜன் கட்டுனது, 2004ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது, கும்பகோணத்துல இருந்து ஆட்டோல கால் மணி நேரம். அங்க ஒரு சின்ன சிற்பம் இருக்கு, ஒரு காளையும் ஒரு யானையும் எதிரெதிரா நிக்கும், ரெண்டுக்கும் ஒரே தலை. யானை உடம்பை உள்ளங்கையால மறைச்சா தலை காளையா தெரியும், காளை உடம்பை மறைச்சா அதே தலை யானை, காளையோட கொம்பு யானைக்கு தந்தம். அம்மாவுக்கு இதைக் காட்டினப்போ சின்னப் பொண்ணு மாதிரி திரும்பத் திரும்ப கையை வச்சு வச்சுப் பாத்தாங்க. 63 நாயன்மார் கதையும் ஒரு ஜான் அளவு சிற்பமா சுவரோட ஓடும், ஒவ்வொண்ணையும் யாருன்னு கண்டுபிடிக்க ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியாது. வெயில் சாஞ்ச பிறகு இல்லன்னா காலைல சீக்கிரம் போங்க, அந்த நேரத்துச் சாய்ஞ்ச வெளிச்சத்துலதான் செதுக்கல் எழும்பித் தெரியும்.

சுவாமிமலைல 60 படி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தமிழ் வருஷப் பேரு, முட்டி வலிக்காரங்க தன் பிறந்த வருஷத்துப் படில உக்காந்து மூச்சு வாங்கிட்டு மெதுவா ஏறலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. பட்டீஸ்வரத்துல துர்க்கை, அதோட ஞானசம்பந்தர் முத்துப்பந்தல்ல வர்றதைப் பாக்கணும்னு சிவபெருமான் சொல்லி விலகுன நந்திகள், நேர்க்கோட்டுல இல்லாம தள்ளி தள்ளி இருக்கும். திருபுவனத்துல சரபேஸ்வரர். நேரம் இருந்தா சேர்த்துக்கலாம்.

தங்குறதுக்கு ஊருக்கு வெளிய காவிரிக்கரைல தோப்புக்குள்ள ரிசார்ட் எல்லாம் வந்துடுச்சு, அழகாத்தான் இருக்கு. ஆனா கோயிலுக்காக வர்றவங்க மகாமகக் குளம், பெரிய தெரு பக்கமே ரூம் போடுங்க. விடியக்காலைல எழுந்து குளிச்சுட்டு நடந்தே போய் சாரங்கபாணில காலை தரிசனம் பாத்துட்டு வர்ற வழில பித்தளை டபரால டிகிரி காபி, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, அது வெளிய தங்குனா கிடைக்காது. ஏழு மணிக்கே இட்லிக்கு கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு) ஊத்துற கடை ஒண்ணை லாட்ஜ்ல கேட்டா சொல்வாங்க.

சித்தப்பாவுக்கு கடைசியா நான் போட்டுக் கொடுத்தது இதுதான். கோவைல இருந்து மயிலாடுதுறை ஜனசதாப்தி, காலைல ஏழு மணிவாக்குல கிளம்பி மதியம் ஒரு மணி தாண்டி கும்பகோணம் வந்துடும், நடை சாத்தியிருக்கிற நேரம், ரூமுக்குப் போய் படுத்துடலாம். ஞாயித்துக்கிழமை வர்றாங்க, அதனால அன்னிக்கு சாயங்காலமே ராகு காலத்துல திருநாகேஸ்வரம், முடிச்சுட்டு ஒப்பிலியப்பன். திங்கள்கிழமை விடியக்காலை அஞ்சரைக்கு கார், முதல்ல வைத்தீஸ்வரன்கோயில், அடுத்து திருவெண்காடு, பதினொரு மணிக்குள்ள கீழப்பெரும்பள்ளம் கேது, கொள்ளு வச்சு அர்ச்சனை, மயிலாடுதுறைல சாப்பாடு, ரெண்டு மணிக்கு ரூம். சாயங்காலம் ஆட்டோல கும்பேஸ்வரர், சாரங்கபாணி ரெண்டே ரெண்டு. திருநள்ளாறை இந்தத் தடவை விட்டுட்டேன், சித்தப்பா கொஞ்சம் தயங்குனாரு, ஆனா காலைலயே நாலாவதா அதைச் சேர்த்தா நடை சாத்துறதுக்குள்ள போய்ச் சேரவே முடியாது. ஆலங்குடி, சூரியனார்கோயில், கஞ்சனூர் மூணும் ஒரே காலைல முடியிற தூரம், அடுத்த தடவைக்கு திருநள்ளாறோட சேர்த்து வச்சாச்சு.

செவ்வாய்க்கிழமை ஜனசதாப்தி கிடையாது, அதைக் கவனிக்காம நிறைய பேர் ஏமாந்திருக்காங்க. அதனால காலைல தாராசுரம், சுவாமிமலை பாத்துட்டு மதியம் ஓய்வு, நாலு மணிக்கு கார்ல திருவையாறு வழியா தஞ்சாவூர், அங்கேயிருந்து ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ்ல கோவை. அந்த வழில திருவையாறு வர்றதுக்கு முன்னாடி உள்ள திரும்புனா திங்களூர். அப்பரைப் பாக்காமலே தன் பிள்ளைங்க, தண்ணிப் பந்தல் எல்லாத்துக்கும் திருநாவுக்கரசுன்னு பேர் வச்ச அப்பூதி அடிகள் ஊர் அது, பாம்பு கடிச்ச அவரோட பிள்ளையை அப்பர் பாடி எழுப்புனதும் அங்கதான். சித்திக்கு பெரியபுராணக் கதைன்னா உயிர். நான் சொன்னதும் போனை சித்தப்பாகிட்ட இருந்து வாங்கி, "சந்திரன் சந்நிதி எங்க போகப்போகுது, முதல்ல அப்பூதி அடிகளைப் பாக்கணும், அதுக்கு எவ்ளோ நேரம் வச்சிருக்க"ன்னு கேட்டாங்க. ஒரு மணி நேரம் வச்சிருக்கேன் சித்தி.